காலப்பயணிகளைத் தெமாசெக்கில் இறக்கிவிடுங்கள்

சிங்கப்பூரில் தமிழ்த் தொடர் எடுப்போருக்கும் தமிழ் நூல் வெளியிடுவோருக்கும்,

வணக்கம். காலப்பயணிகள் தொலைந்துபோன நாகரிகம் ஒன்றைத் தேடிப்போகும் அறிவியல் புனைவுத் தொடர் ஒன்றை இங்கே தமிழில் எடுங்கள். அதை ஒட்டி ஒரு நாவலும் கொண்டுவாருங்கள். கோரிக்கை இவ்வளவுதான்.

தொடரை ஒட்டிய நாவல் என்றதும் நம் இலக்கியக் கூட்டங்களில் சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். 1963-இல் தொடங்கிய 'டாக்டர் ஹூ' என்ற காலப்பயணத் தொலைக்காட்சித் தொடரின் பழைய நாடாக்களை பிபிசி அழித்து மறுபடியும் பயன்படுத்திக்கொண்டது. தொண்ணூறுக்கும் மேற்பட்ட பகுதிகள் இப்படிக் காணாமல் போயின. 1970களின் பிரிட்டிஷ் பிள்ளைகள் அந்தப் பழைய கதைகளை மலிவு விலை நாவல்களாகத்தான் மறுபடி சந்தித்தார்கள். நம் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் தமிழில் அப்படித் தூக்கம் மறந்து படிக்க என்ன இருக்கிறது? கருத்தறிதல் பகுதிகள் இருக்கின்றன.

தொலைந்த நாகரிகம் என்றதும் குமரிக்கண்டத்துக்குப் படகை விட்டுவிடாதீர்கள். அதோடு சேர்த்துப் பேசப்படும் லெமூரியா என்ற மூழ்கிய நிலப்பரப்பு, 1864-இல் ஃபிலிப் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர் முன்வைத்த ஊகம். கண்டங்களே நகர்கின்றன என்று தெரிந்தபின் அதற்கு வேலையில்லாமல் போயிற்று. போதாக்குறைக்கு, கற்பனையில் அந்தக் கரையில் இறங்காத தமிழர் யாரும் பாக்கியில்லை.

மலாய் மன்னர்களின் கதை சொல்லும் பழைய நூலான செஜாரா மெலாயுவைத் திறந்து பாருங்கள். ஒரு படியில் இராஜா சூலான், இன்னொன்றில் இராஜா சூரான் என்று பெயர் மாறிவரும் இந்திய மன்னன் ஒருவன், சீனத்தின்மீது படையெடுக்கப் புறப்பட்டுத் தெமாசெக் வரை, அதாவது நம் பழைய சிங்கப்பூர் வரை, வந்துவிடுகிறான். சோழர் படையெடுப்பின் நினைவு இதில் இருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. சீன மன்னர் எதிர்த்துப் படை அனுப்பவில்லை. துருப்பிடித்த ஊசிகளையும் காய்த்த மரங்களையும் பல்போன கிழவர்களையும் ஏற்றி ஒரு கப்பலை அனுப்புகிறார். புறப்பட்டபோது தாங்கள் சிறுவர்கள், மரங்கள் வெறும் விதைகள், ஊசிகள் கைப்பருமன் இரும்புத் தடிகள் என்று கிழவர்கள் கூசாமல் புளுகுகிறார்கள். அத்தனை காலம் யார் பயணம் செய்வது என்று மன்னன் திரும்பிவிடுகிறான். பிறகு கண்ணாடிப் பெட்டிக்குள் அமர்ந்து கடலடிக்கு இறங்கி, அங்கிருக்கும் நாட்டின் இளவரசியை மணக்கிறான். காலமும் கடலடி நாடும் ஒரே கதையில்! இதை விட்டுவிட்டு வேறெங்கே போய்த் தேடுவது?

பலசாலி பாடாங், கலிங்க நாட்டு மல்லனோடு போட்டியிட்டுச் சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரம் வரை வீசிய பாறையும் அதே நூலில் வருகிறது. 1819-இல் அந்த முகத்துவாரத்தில் எழுத்துப் பொறித்த பெரும்பாறை ஒன்று உண்மையாகவே கண்ணில் பட்டது. ஏறத்தாழ 3 மீட்டர் உயரம், ஐம்பது வரிகள். 1843-இல் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். மிஞ்சிய துண்டு ஒன்று தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. முழுமையாகப் படித்தவர் எவருமில்லை.

கைப்பேசியோடு ஒரு மாணவியை 1842-இல் இறக்கிவிட்டால் வேலை முடிந்துவிடும் என்று நினைப்பீர்கள். முடியாது. அப்போதே எழுத்துகள் தேய்ந்திருந்தன. இன்னும் பின்னால் போக வேண்டும். எவ்வளவு பின்னால்? 10ஆம் நூற்றாண்டு என்பவரும் உண்டு, 14 என்பவரும் உண்டு. எந்த ஆண்டில் இறங்குவது என்று தெரியாமல் அவள் தடுமாறும் தடுமாற்றமே பத்து அத்தியாயங்களுக்குத் தாங்கும். ஒரு முறை அவள் இறங்கும்போது பாறையில் ஓர் எழுத்துகூட இருக்காது. சிற்பி இன்னும் வந்திருக்க மாட்டான்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். கடைசி அத்தியாயத்தில் கல்வெட்டு தமிழ் என்று தெரிந்து எல்லோரும் கைதட்டும் காட்சி வேண்டாம். அதில் சோழப் பட்டமான பரகேசரியின் பகுதி தெரிகிறது என்று 2019-இல் இயன் சிங்க்ளேர் என்ற ஆய்வாளர் ஓர் ஊகத்தைச் சொன்னார். பழைய சாவக (ஜாவா) மொழி என்போரும் சமஸ்கிருதம் என்போரும் இருக்கிறார்கள். மாணவி பரகேசரியை நம்பட்டும். அவளோடு வரும் மலாய்த் தோழன் சாவகத்தை நம்பட்டும். பயணம் முழுக்கச் சண்டை போடட்டும்.

நாவலாசிரியரைத் தொடர் முடிந்தபின் கூப்பிட்டு வசனப் பிரதியைக் கையில் திணிக்காமல், திரைக்கதை பேசும்போதே உடன் உட்கார வையுங்கள். திரையில் காட்ட முடியாத செலவுமிக்க காட்சிகள் எல்லாம் நூலுக்குப் போகட்டும்; தாளில் கப்பல் மூழ்கடிக்கக் காசு ஆகாது. ஏப்ரலில் தமிழ்மொழி விழாவை ஒட்டி வெளியிடலாம். வெளியீட்டு விழாவில் வாழ்த்துரைகளைக் குறைத்து, பிள்ளைகள் முதல் அத்தியாயத்தை அங்கேயே வாசிக்க நேரம் கொடுங்கள்.

இப்படிக்கு,
நூலகத் தமிழ்ப் பிரிவில் அறிவியல் புனைவு தேடும் வாசகி