நனைந்த மரையின் நிறம்

ஆசிரியருக்கு,

வாசகர்கள் அனுப்பும் மழைக்கால விலங்குப் படங்கள் சாம்பல் பூசியது போலவே வருகின்றன. கெமராவைக் குறை சொல்லாதீர்கள். போன ஜூலையில் ஹோர்ட்டன் சமவெளியில் நானும் ஒரு மரையின் (பெரிய மான்) படத்தை அப்படித்தான் கெடுத்தேன். நனைந்த ரோமம் வானத்து வெள்ளையைக் கண்ணாடி போலத் திருப்பி அனுப்பும். பழுப்பு அதற்கடியில் மறைந்துவிடும். அடுத்த முறை லென்ஸின் முன்னால் போலரைசர் பில்டரை, அதாவது பளபளப்பைத் தடுக்கும் சுழலும் கண்ணாடியை, மாட்டி மெல்லத் திருப்பினேன். பளபளப்பு அடங்கி, நிறம் எழும்பி வந்தது. அந்த பில்டர் ஒளியில் பாதிக்கு மேல் விழுங்கிவிடும் என்பதால் ஐஎஸ்ஓவை (கெமராவின் ஒளி உணர்திறனை) 1600க்கு ஏற்ற வேண்டியிருந்தது. மரை அசையாமல் நின்றதால் ஷட்டர் வேகம் 1/250 விநாடி போதுமாக இருந்தது. ஐஎஸ்ஓவை ஏற்றியதால் படத்தில் புள்ளி கொஞ்சம் விழுந்தது, சரி, இமை மயிரில் தொங்கிய துளி தெளிவாக வந்ததே! கணினியில் கூர்மையைக் கண்ணுக்கும் மூக்குக்கும் மட்டும் கூட்டுங்கள். பின்னால் நிற்கும் பனிமூட்டத்தைத் தொடாதீர்கள்.

வாசகர் ஒருவர்,
ஹட்டன்.