பொடி கேட்ட மகளுக்கு

அன்புள்ள பிள்ளைக்கு,

நீ அனுப்பிய குரல் பதிவை இரண்டு தரம் கேட்டேன். பிரஷர் 150/100 என்று டொக்டர் குளிசை தந்தும் நீ இன்னும் தொடங்கவில்லை. ஊர்ப் பரியாரியாரின் பொடியை மாமியிடம் கொடுத்துவிடச் சொல்கிறாய். மாமி அடுத்த மாதம் ரொறன்ரோவுக்கு வருகிறார், பொதி கட்டத் தொடங்கிவிட்டேன். பொடியை மட்டும் வைக்கமாட்டேன். போனில் சொன்னால் நீ இடையில் கதைத்து மறித்துவிடுவாய், அதுதான் எழுதுகிறேன்.

போன வருடம் நடந்த ஒன்றை உனக்குச் சொல்லவில்லை. மார்கழிப் பனியில் இருமல் பிடித்தது. அதிமதுரத்தைத் தட்டி, கொத்தமல்லியும் சுக்கும் போட்டு அவித்துக் குடித்தேன். இருமல் போன பிறகும் விடவில்லை, காலையும் மாலையும் ஒவ்வொரு பேணி. கிளினிக்குக்குப் போன நேரமெல்லாம் பிரஷர் ஏறியே நின்றது. குளிசையைக் கூட்டினார்கள், அப்பவும் இறங்கவில்லை. இரவில் கெண்டைக்கால் பிடித்து இழுக்கும். கட்டில் விளிம்பில் இருந்து எண்ணெய் தேய்த்தபடியே விடிந்த நாட்களும் உண்டு.

ஒரு நாள் இளம் டொக்டர்ப் பிள்ளை ஒருவர் கொப்பியை மூடி வைத்துவிட்டு, “அம்மா, வீட்டில வேற என்ன குடிக்கிறீங்கள்?” என்று கேட்டார். அதுவரை ஒருவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கசாயத்தை நான் மருந்துக் கணக்கிலேயே சேர்த்ததில்லை. அதிமதுரம் என்றதும் நிமிர்ந்து பார்த்தார். அது உடம்பில் உப்பையும் தண்ணீரையும் தேக்கி வைத்து, பொட்டாசியத்தை வெளியேற்றிவிடுமாம். இரத்தம் சோதித்தபோது பொட்டாசியம் குறைந்துதான் இருந்தது. கசாயத்தை விட்டு ஒரு மாதத்துக்குள் பிரஷரும் இறங்கியது, கால் பிடிப்பும் நின்றது.

சித்த வைத்தியம் பொய் என்று சொல்ல வரவில்லை. சர்ப்பகந்தா வேரிலிருந்துதான் 1952 இல் ரெசர்பின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். இங்கிலீஷ் டொக்டர்மாரே பிரஷருக்கு அதை வருடக்கணக்காக எழுதிக் கொடுத்தார்கள். அவ்வளவு வேலை செய்கிற வேர் என்பதால்தான் எனக்குப் பயம். உன் பொடியில் அது இருந்து, மேலே குளிசையும் போட்டால் பிரஷர் அளவுக்கு மிஞ்சி இறங்கலாம், மனதையும் சோர வைக்கலாம். பொடியில் என்ன சேருகிறது என்று பரியாரியாரிடம் கேட்டேன். பரம்பரைப் பக்குவம் என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார். என்னவென்று தெரியாத ஒன்றை உனக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. சித்த மருந்துதான் வேண்டுமென்றால், ஊருக்கு வரும்போது கைதடியில் பட்டம் படித்த வைத்தியர் ஒருவரிடம் கூட்டிப் போகிறேன். உன் குளிசைச் சீட்டையும் கொண்டு வா.

“எனக்குத் தலையிடிகூட இல்லை அம்மா” என்கிறாய். உன் அம்மம்மாவும் அப்படித்தான் சொன்னா. உள்ளியும் முருங்கையிலையும் போதும் என்று குளிசைகளை அலுமாரிக்குள் வைத்துவிட்டா. ஒரு காலை சம்பலுக்குத் தேங்காய் திருவிக்கொண்டிருந்தவவின் கையிலிருந்து பாதித் தேங்காய் நழுவி உருண்டது. குனிந்து எடுக்கப் பார்த்தா, வலது கை வரவில்லை. பாரிசவாதம். ஆறு வருடம் படுக்கையில் வைத்துப் பார்த்தவள் நான். உள்ளியையும் முருங்கையிலையையும் கறியில் நன்றாகச் சாப்பிடு, குளிசையையும் போடு. காலையில் கிரேப்ஃபுருட் ஜூஸ் குடிக்கிறாய் என்றால் அதையும் டொக்டரிடம் சொல்லு, சில பிரஷர் குளிசைகளுக்கு அது ஒத்துவராது.

பொதியில் ஒடியல்மா, மிளகாய்த்தூள், பனங்கட்டி வைத்திருக்கிறேன். கருவாடும் மோர்மிளகாயும் இந்த முறை இல்லை, அவ்வளவும் உப்பு. கோபிக்காதே.

மாமி வரும் வரை இது காத்திருக்க வேண்டாம் என்று தம்பியைக் கொண்டு படம் பிடித்து அனுப்புவிக்கிறேன். இன்றிரவே முதல் குளிசையைப் போட்டுவிட்டு எனக்கு ஒரு மெசேஜ் போடு. உனக்கு இரவென்றால் இங்கே விடிந்திருக்கும், நான் பூப்பறிக்க எழும்பியிருப்பேன்.

அன்புடன்,
அம்மா