பட்டதாரி ஆசிரியர் சம்பளம்: சென்னைக் கணக்கு

அன்புள்ள நண்பா,

மகள் பட்டதாரி ஆசிரியர் தேர்வுப் பட்டியலில் வந்துவிட்டாள் என்று படித்ததும் மகிழ்ச்சி. சென்னையில் நடுநிலைப் பள்ளி கிடைத்தால் கைக்கு எவ்வளவு வரும் என்று கேட்டிருந்தாய்.

ஆறு முதல் எட்டு வரை எடுக்கும் பட்டதாரி ஆசிரியருக்கு ஊதிய நிலை 16, தொடக்க அடிப்படை ஊதியம் 36,400. 1.1.2025 நிலவரப்படி அகவிலைப்படி 55 சதவீதமாக இருந்தது. அதை வைத்துக் கணக்கிட்டால் 20,020. இரண்டும் சேர்ந்து 56,420. இதில் பத்து சதவீதம், 5,642 ரூபாய், ஓய்வூதியத் திட்டத்துக்கான பிடித்தம். மருத்துவப்படி 300 கொடுப்பார்கள். காப்பீட்டுக்கு அதே 300-ஐப் பிடித்துக்கொள்வார்கள்! குடும்பப் பாதுகாப்பு நிதி 110 போக 50,668 நிற்கும். வீட்டு வாடகைப்படியும் நகர ஈட்டுப்படியும் இதற்கு மேல். தொழில் வரி அரையாண்டுக்கு ஒருமுறை போகும். ஆண்டுக்கு 2,500-ஐத் தாண்டாது. வருமான வரியின் புதிய முறையில் இந்தச் சம்பளத்துக்கு வரி வராது.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சென்னை என்பதால் சம்பளம் கூடும் என்று நினைக்காதே. ராமநாதபுரத்திலும் இதே 36,400-தான். வித்தியாசமெல்லாம் வீட்டு வாடகைப்படி, நகர ஈட்டுப்படி என்ற அந்த இரண்டில்தான். அவை சதவீதம் அல்ல, ஊதிய வரம்புக்கு இவ்வளவு என்று ரூபாயில் நிர்ணயித்தவை. அகவிலைப்படி ஏறினாலும் அவை அசையாது. வாடகை மட்டும் ஏறும். பள்ளிக்குப் பக்கத்தில்தான் வீடு வேண்டும் என்று நிற்காமல், மின்சார ரயில் தடத்தில் தள்ளிப் பார்க்கச் சொல்.

இன்னொன்று. அவளிடம் டி.டி.எட். என்ற ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் இருக்கிறது என்பதற்காக, ஒன்று முதல் ஐந்து வரை எடுக்கும் இடைநிலை ஆசிரியர் பணியையும் ஒரே தட்டில் வைக்காதே. அது நிலை 10, தொடக்கம் 20,600. அடிப்படையில் 15,800 குறைவு. அதே 55 சதவீத அகவிலைப்படியோடு பார்த்தால் மாதம் 24,490 குறைவு. ஒரே பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்கும் ஆறாம் வகுப்புக்கும் நடுவே ஒரு சுவர்தான், சம்பளத்தில் இவ்வளவு தூரம். அதிலும் 1.6.2009-க்குப் பிறகு சேர்ந்த இடைநிலை ஆசிரியர்களுக்கு முன்னவர்களைவிட அடிப்படையிலேயே 3,170 குறைத்து ஆரம்பித்த முரண்பாடு பெரிய போராட்டங்களுக்குக் காரணமானது.

பணியில் சேரும் தேதியைக் கவனிக்கச் சொல். ஆண்டு ஊதிய உயர்வு, பணியில் ஓராண்டு நிறையும் காலாண்டின் முதல் நாளில் விழும்: ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர். ஜூன் 30-இல் சேர்ந்தால் அடுத்த ஏப்ரலிலேயே 37,500; ஜூலை 1 என்றால் ஜூலை வரை காத்திருக்க வேண்டும். ஒரு நாள் தள்ளியதற்கு மூன்று மாத உயர்வு போகும். நல்ல நாள் பார்க்கிறேன் என்று நீ இழுக்காதே. சேர்ந்தவுடன் ஓய்வூதியத் திட்ட எண்ணுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அது வராமல் ஊதியப் பட்டியலில் பெயர் ஏறாது. முதல் சம்பளம் தாமதமாவது பெரும்பாலும் இதனால்தான். எம்.எட். முடித்தால் ஊக்க ஊதிய உயர்வு உண்டு என்று யாராவது சொன்னால் நம்பாதே, 10.3.2020 அரசாணையோடு அது நின்றுவிட்டது.

அரசுப் பணி நியமன ஆணை வரும்வரை தனியார் பள்ளிக்குப் போவதானால் மூன்று கேள்விகள் கேட்கட்டும். மே மாதச் சம்பளம் உண்டா? பி.எஃப். என்ற வருங்கால வைப்பு நிதி முழு அடிப்படைக்கா, 15,000 உச்சவரம்புக்கு 1,800 மட்டுமா? நிர்வாகத்தின் பி.எஃப். பங்கையும் சொல்லும் சம்பளத்துக்குள்ளேயே அடக்கியிருக்கிறார்களா? வாயால் சொல்வது போதாது, பணி நியமனக் கடிதத்தில் இருக்க வேண்டும்.

ஆணை நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்