சர்வீஸ் கிட் தர மறுப்பது பற்றிய புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: ‘எளிய பராமரிப்பு’ என்று சொல்லி விற்ற ஸ்கூபா ரெகுலேட்டருக்கு உதிரிபாகம் தராமல் அலைக்கழிப்பது

ஐயா / அம்மா,

வணக்கம். இதே விஷயத்தைப் போனிலும் மின்னஞ்சலிலும் சாட்டிலும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒருவர் வந்து, “பிரச்சினை என்னன்னு முதல்ல இருந்து சொல்லுங்க” என்கிறார். இனி முதலிலிருந்து சொல்ல எனக்குத் தெம்பில்லை. அதனால் எழுத்தில் தருகிறேன். தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

டேங்க் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து மூச்சுக்குத் தரும் உங்கள் அன்பேலன்ஸ்டு பிஸ்டன் ரெகுலேட்டரை நான் வாங்கியதற்கு ஒரே காரணம், அதை நானே கழற்றிச் சுத்தம் செய்து மாட்டலாம் என்பதுதான். பிஸ்டனுக்குப் பதில் சவ்வு வைத்த டயாஃப்ரம் மாடல்களைப் பார்த்தேன், பேலன்ஸ்டு பிஸ்டனையும் பார்த்தேன். பேலன்ஸ்டு என்றால் டேங்க் காலியாகும் வரை மூச்சு ஒரே சீராக வரும். உங்களுடையதில் டேங்க் அழுத்தம் இறங்க இறங்க இழுவை கொஞ்சம் கனக்கும். தெரிந்தேதான் வாங்கினேன். டேங்கில் மாட்டும் முதல் ஸ்டேஜைத் திறந்தால் உள்ளே அசைவது ஒரே ஒரு பிஸ்டன். கூடவே ஒரு ஸ்பிரிங், காற்று வழியை அடைக்கும் ஒரு சீட், கசிவைத் தடுக்கும் சில ஓ-ரிங், ஒரு ஃபில்டர், அவ்வளவுதான். உங்கள் விளம்பரத் தாளிலும் ‘குறைந்த பாகங்கள், எளிய பராமரிப்பு’ என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. வாங்குகிறவர் கையில் கொடுக்கும் தாளில் அப்படிப் போட்டால், வாங்குகிறவருக்கு எளிது என்றுதானே அர்த்தம்?

இப்போது பிரச்சினைக்கு வருகிறேன். மிதவை ஜாக்கெட்டுக்குக் காற்று போகும் இன்ஃப்ளேட்டர் ஹோஸில் ஐபி கேஜ் (இரண்டு ஸ்டேஜுக்கும் இடைப்பட்ட அழுத்தமான ஐபியைக் காட்டும் மானி) மாட்டிப் பார்த்தால், காற்றைத் திறந்துவிடும் பர்ஜ் பட்டனை அழுத்தி விட்டதும் முள் 9.5 பாரில் நிற்கிறது. நின்ற இடத்தில் இருக்க வேண்டுமல்லவா? இல்லை. மெதுவாக 10, 11 என்று ஏறுகிறது. 12-ஐ நெருங்கும்போது, வாயில் வைக்கும் இரண்டாம் ஸ்டேஜ் ‘உஸ்’ என்று தானாகவே காற்றை விட ஆரம்பிக்கிறது. மறுபடி பர்ஜ் செய்தால் முள் இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. இது சீட் தேய்ந்ததன் அறிகுறி என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை, உங்கள் தயாரிப்பு இது. எனக்குத் தேவை அந்த சீட்டும் ஓ-ரிங்குகளும் அடங்கிய கிட். ஓ-ரிங்கையாவது அளவு பார்த்து வெளியில் வாங்கிவிடலாம். சட்டைப் பொத்தான் அளவுள்ள அந்த சீட்டை உங்களைத் தவிர யாரும் விற்பதில்லை.

இதைக் கேட்டுத்தான் முதலில் போன் செய்தேன். எடுத்தவர் நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, “டேங்க் வால்வு திறந்திருக்கான்னு பாத்தீங்களா?” என்றார். காற்று நிற்காமல் கொட்டுகிறது என்பது புகார், வால்வு மூடியிருந்தால் எப்படிக் கொட்டும்? இதைக் கேட்டதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “பார்ட்ஸ் எல்லாம் பப்ளிக்குக் குடுக்க மாட்டோம் சார். உங்களுக்கு எதுக்கு இந்த வேலையெல்லாம்? நீந்துறதோட நிறுத்திக்கோங்க” என்றார்.

நீந்துவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டுமாம்! ரெகுலேட்டர் சர்வீஸ் செய்வதற்கென்றே வகுப்புக்குப் போய்க் கற்றவன் நான். ஐபி கேஜ், பின் ஸ்பேனர், ஓ-ரிங்கை நெம்பி எடுக்கும் பித்தளை பிக், ஆக்சிஜனுக்கு ஒத்துவரும் கிரீஸ் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. தண்ணீருக்குள் அந்த மவுத்பீஸைக் கடித்துக்கொண்டு போகிறவன் நான், போன் எடுத்தவர் இல்லை. என் உயிர் மேல் எனக்கு இல்லாத அக்கறை அவருக்கு எங்கிருந்து வந்தது?

சரி, அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்கே போங்கள் என்றீர்கள், போனேன். போவதற்கு முன்பே கேட்டேன், “கொண்டு வாங்க, பாத்துடலாம்” என்றார்கள். செட்டை ஹோஸோடு தூக்கிக்கொண்டு போய் நின்றால், டெக்னீஷியன் சாப்பிடப் போயிருக்கிறார். வெகுநேரம் கழித்து வந்தவர் முதல் ஸ்டேஜைக் கையில் வாங்கினார், ஒரு போர்ட் பிளக்கைக் கழற்றினார். அப்புறம் மேஜை மேல் கிடந்த இரும்பு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, அதன் முனையால் ஓ-ரிங்கை நெம்பப் போனார்! நான் கத்தியதால்தான் நிறுத்தினார். ஓ-ரிங் உட்காரும் இடத்தில் ஒரு கீறல் விழுந்தால் எத்தனை புது ஓ-ரிங் போட்டாலும் கசிவு நிற்காது. அதற்காகத்தான் பித்தளையிலும் பிளாஸ்டிக்கிலும் பிக் செய்கிறார்கள். இவர் உங்களிடம் பயிற்சி பெற்றவர், நான் ‘பப்ளிக்’. கடைசியில் அவர் சொன்னது என்ன தெரியுமா? “இந்த மாடலுக்கு எங்களுக்கே கிட் வரல.”

அதாவது எனக்குத் தர மாட்டீர்கள், ஏனென்றால் சென்டருக்கு மட்டும்தான் தருவீர்கள். சென்டருக்கும் தரவில்லை. அப்படியானால் அந்தக் கிட்டை யாருக்காகத் தயாரிக்கிறீர்கள்? திருப்பி அதே நம்பருக்குப் போன் செய்தால், எடுத்தது அதே ‘நீந்துறதோட நிறுத்திக்கோங்க’ ஆசாமி. “அவங்க அப்படிச் சொல்லியிருக்க மாட்டாங்களே” என்றார்.

உங்களால் இந்த சீசன் முழுக்க நாசமாகிவிட்டது. நண்பர்கள் எல்லாம் கடலுக்குள் இருக்கிறார்கள், நான் கரையில் பை காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இரவல் ரெகுலேட்டரில் இறங்க எனக்கு மனமில்லை, என்னுடையதோடு இறங்கவும் முடியாது. 30 மீட்டர் ஆழத்தில் சுற்றிலும் 4 பார் அழுத்தம், மேற்பரப்பைப் போல நான்கு மடங்கு காற்று செலவாகும் இடம். அங்கே இரண்டாம் ஸ்டேஜ் நிற்காமல் கொட்ட ஆரம்பித்தால் டேங்க் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காலியாகும். அழுத்தம் மிஞ்சினால் தானே திறக்கும் டவுன்ஸ்ட்ரீம் வால்வு என்பதால் ஹோஸ் வெடிக்காமல் காற்று வெளியேறிவிடும், உண்மைதான். அதை வடிவமைத்தவருக்கு என் வணக்கம். உங்கள் பொறியாளர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பொருள் நல்ல பொருள். அதனால்தான் வயிறு எரிகிறது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. முதல், இரண்டாம் ஸ்டேஜ்களுக்கான சர்வீஸ் கிட்டை என் முகவரிக்கு அனுப்புங்கள், விலை கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன். கூடவே பாகங்களின் விரிபடமும், ஐபி எவ்வளவு இருக்க வேண்டும், ஐபியைச் சரிசெய்ய ஷிம் (மெல்லிய வளையம்) எத்தனை போட வேண்டும், எந்தத் திருகை எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற விவரத் தாளும் வேண்டும். நான் திறந்தால் வாரண்டி போய்விடும் என்று பயமுறுத்தத் தேவையில்லை, உங்கள் வாரண்டியின் லட்சணத்தை அந்த சென்டரில் பார்த்துவிட்டேன். கிட் தர முடியாது என்றால் ரெகுலேட்டரைத் திரும்ப எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் கொடுங்கள்.

பதினைந்து நாள் பொறுத்திருப்பேன். அதற்குள் பதில் வந்தால் மகிழ்ச்சி, பழையதை மறந்துவிடுகிறேன். வராவிட்டால் உங்கள் விளம்பரத் தாளையும் சாட் பதிவுகளையும் இணைத்து நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன். எனக்குத் தெரிந்த டைவர்களில் ஒருவரையும் விடாமல் எல்லோரிடமும் சொல்வேன். இது மிரட்டல் இல்லை, தகவல்.

பதிலை எழுத்தில் அனுப்புங்கள், போன் வேண்டாம். முக்கியமாக அந்த ஆசாமியிடமிருந்து வேண்டவே வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்