அந்த ஆறு இலக்கத்துக்கு இன்னும் கொஞ்சம் நேரம் கொடுங்கள்

வங்கி மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். போன செவ்வாய்க்கிழமை முடங்கிய என் கணக்கைத் திறந்துவிட்டதே நீங்கள்தான், அதற்கு நன்றி. ஆனால் கவுண்டரில் இருந்த தம்பி சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. "வயசாயிடுச்சு சார், வீட்ல பசங்ககிட்ட குடுத்துப் பண்ணச் சொல்லுங்க." அவர் தலைக்கு மேலேயே 'ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள்' என்று உங்கள் போஸ்டர். என் பையன் பெங்களூரில் இருக்கிறான். ஓடிபியைச் சொல்லாமல் அவன் எப்படி என் பில்லைக் கட்டுவான்?

நடந்தது இவ்வளவுதான். கரண்ட் பில் கட்ட உட்கார்ந்தேன். மெசேஜுக்குப் போய் ஓடிபியின் ஆறு இலக்கத்தையும் மனசில் ஏற்றிக்கொண்டு ஆப்புக்குத் திரும்பினால், மேலே ஒரு விளம்பரம் வந்து விழுகிறது, குறைந்த வட்டியில் கடன் வேண்டுமா என்று, அனுப்பியதும் உங்கள் வங்கிதான். அதைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் 482 வரைதான் நினைவில் இருக்கிறது. மறுபடி மெசேஜ், மறுபடி ஆப், நேரம் முடிந்துவிட்டதாம். மூன்றாவது தடவை அவசரத்தில் பழைய எண்ணையே போட்டேன், பூட்டிவிட்டது.

எனக்கு 71 வயது. 36 வருஷம் கணக்கு வாத்தியார். பதினேழாம் வாய்ப்பாட்டை இப்போது கேட்டாலும் தலைகீழாகச் சொல்வேன். போனது அறிவு இல்லை, இடையில் ஒன்று குறுக்கிட்டால் விட்ட இடத்துக்குச் சட்டென்று திரும்பும் வேகம். 2011இல் சான் பிரான்சிஸ்கோவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தார் இதைச் சோதித்தார்கள். ஓர் இயற்கைக் காட்சியை மனசில் வைத்திருக்கச் சொல்லி, நடுவில் ஒரு முகத்தைக் காட்டினார்கள். இளைஞர்களின் மூளை முகத்தை உதறிவிட்டுக் காட்சிக்குத் திரும்பியது; பெரியவர்களின் மூளை அந்த முகத்தை விட்டு எளிதில் விலகவில்லை. உங்கள் கடன் விளம்பரம்தான் சார் எனக்கு அந்த முகம்.

ஆகவே முக்கியமாகக் கேட்பது இதுதான்: ஓடிபி போடும் நேரத்தைக் கூட்டுங்கள். 70 தாண்டியவர்களுக்கு வீட்டுக்கே வந்து சேவை செய்ய ஏற்பாடு வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 நவம்பரிலேயே சொல்லியாயிற்று. இதுவரை என் வீட்டு வாசலுக்கு உங்கள் ஆள் ஒருவர்தான் வந்தார், அவரும் இன்சூரன்ஸ் விற்க. சரி, அது போகட்டும்.

இது உங்கள் கையில் இல்லை என்பீர்கள். தலைமை அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதுங்கள்: நேரத்தைக் கூட்டுங்கள், பணம் கட்டும்போதாவது விளம்பரத்தை நிறுத்துங்கள். அடுத்த பில் இரண்டு மாதத்தில் வந்துவிடும், அதற்குள் செய்து கொடுத்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் கிளையின் பழைய வாடிக்கையாளர்