12 பை பூங்கன்றுக் கலவை: மூன்றாவது முறைப்பாடு

களுவாஞ்சிகுடி
மே 2

முகாமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். இந்தக் கடிதத்தையாவது தயவுசெய்து முழுதாக வாசியுங்கள். முதல் இரண்டுக்கும் "கிடைத்தது" என்று ஒரு சொல்கூட உங்களிடமிருந்து வரவில்லை.

பெப்ரவரி 12ஆம் திகதி மட்டக்களப்பு நகரில் உள்ள உங்கள் விற்பனை நிலையத்தில் உங்கள் பூங்கன்றுக் கலவையில் 25 கிலோ பை 12 வாங்கினேன். ஒரு பை 1,450 ரூபாய், மொத்தம் 17,400. பற்றுச்சீட்டின் பிரதி இத்துடன் இருக்கிறது. "கழுவிய தும்புச்சோறு, முதிர்ந்த கூட்டெரு, மண்புழு உரம்" என்று பையில் நீங்கள்தான் அச்சடித்திருக்கிறீர்கள். அதை நம்பித்தான் வாங்கினேன்.

எழுவான்கரை மண் எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கடற்கரை மணல். காலையில் ஊற்றிய தண்ணீர் மத்தியானம் இருக்காது. போட்ட பசளை ஒரு மழையோடு கீழே இறங்கிவிடும். அந்த மணலில் 12 வருடமாக, வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையிலிருந்து மாட்டெரு ஏற்றி வந்து, வேலிக் கிளிசரியா இலையும் உமிக்கரியும் போட்டுப் போட்டு, கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும் அளவுக்குக் கொண்டுவந்திருந்தேன். அதில் 18 மல்லிகை, 6 ரோசா. வைகாசியில் எங்கள் ஊர்க் கண்ணகை அம்மன் சடங்குக்கு எங்கள் வீட்டு மல்லிகை போகும். இந்த வருடம் எரு ஏற்ற ஆள் கிடைக்கவில்லை. தையில் கொப்பு வெட்டிவிட்டு, மாசி பிறந்ததும் உங்கள் கலவையைப் போட்டேன்.

பையைத் திறக்கும்போதே உள்ளே சூடு, மூக்கைக் குத்தும் நாற்றம். முதிர்ந்த எரு மழை பெய்த மண் போல மணக்கும், தொட்டால் குளிரும். இது உங்களுக்குத் தெரியாத விடயமா? முற்றாத எரு மண்ணில் கிடந்து மக்கும்போது அங்கிருக்கும் நைதரசனை அதுவே எடுத்துக்கொள்ளும், செடிக்கு மிஞ்சாது. இரண்டாம் கிழமையே கீழ் இலைகள் மஞ்சளாகின. அப்புறம் இலை விளிம்பு கருகி, மண்ணின் மேல் வெள்ளை வெள்ளையாக உப்புப் படிந்தது. வந்த மொட்டுகளும் விரியாமல் உதிர்ந்தன.

விவசாயப் போதனாசிரியர் வந்து பார்த்தார். உவர் நீரில் ஊறிய தேங்காய் மட்டையில் எடுத்த தும்புச்சோறாக இருக்கும், நல்ல தண்ணீரில் அலசாமல் அடைத்திருக்கிறார்கள் என்றார். அவர் சொன்னபடி உங்கள் கலவையில் 20 பயறு, என் பழைய மண்ணில் 20 பயறு போட்டேன். என் மண்ணில் 18 முளைத்தது. உங்களுடையதில் 3.

இதையெல்லாம் சொல்லத்தான் மார்ச் 20ஆம் திகதி வந்தேன். திறக்காத பை ஒன்றும் செத்த கன்று ஒன்றும் கொண்டு வரச் சொன்னதும் உங்கள் கடை ஆட்கள்தான். ஆட்டோவுக்கு 4,500 ரூபாய் கொடுத்து, பையைத் தூக்கி வந்து இரண்டு மணித்தியாலம் நின்றேன். கடைசியில், "பரிசோதிக்கிறவர் கொழும்புக்குப் போயிட்டார், மறுகா வாங்க" என்று, பிறகு வரச் சொன்னார்கள். வரச் சொன்ன நாளில் அவர் இருக்கிறாரா என்று பார்க்க மாட்டீர்களா? அதே பையை அதே ஆட்டோவில் திருப்பி ஏற்றிக்கொண்டு வந்தேன்.

மேசையில் இருந்த அந்த விற்பனைப் பிரதிநிதி சொன்னதை நான் மறக்க மாட்டேன். அத்தனை பேர் முன்னால், "நாலு பூமரத்துக்கு இவ்வளவு சத்தமா? உங்கட கிணத்துத் தண்ணி உப்பு, அதுக்கு நாங்க என்ன செய்ற?" என்றார். என் வயதுக்கு ஒரு "அம்மா" கூட இல்லை. கையில் இருந்த தொலைபேசியை விட்டுத் தலை நிமிரவும் இல்லை. அதே கிணற்றுத் தண்ணீரைத்தான் 12 வருடமாக அந்த மல்லிகைகள் குடித்தன. அவை செத்தது உங்கள் கலவை போட்ட பிறகு.

இதற்கு முன் நடந்ததையும் சொல்ல வேண்டும். உங்கள் தொலைபேசி இலக்கத்துக்கு ஏழு தடவை எடுத்தேன். தமிழுக்கு 2ஐ அழுத்தச் சொன்னது. அழுத்தினால் பாட்டு மட்டும்தான் போனது, ஒருவரும் பேசவில்லை.

18 மல்லிகையில் 11 போய்விட்டது. ரோசா ஆறும் போய்விட்டது. 12 வருடம் உழைத்த மண் அடியோடு பாழ், இனி அங்கே புல்லும் முளைக்காது. பணமாகக் கணக்குப் பார்த்தால் மூன்று இலட்சத்துக்குக் குறையாது. அம்மனுக்கு இந்த வைகாசியில் பூக் கொடுக்க முடியாமல் போகப்போவதற்கு எந்தக் கணக்குப் பார்ப்பது?

உங்கள் நிறுவனத்தோடு எனக்குப் பகை இல்லை. நல்ல பொருள் செய்தால் நாலு பேருக்கு நானே சொல்வேன். ஆனால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, வாங்கி மூன்று மாதத்துக்குள் அந்தச் சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். எனக்கு மே 12 வரைதான் காலம். "மறுகா வாங்க, மறுகா வாங்க" என்று நீங்கள் இழுத்தது இதற்காகத்தானோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

எனவே மே 8க்குள் 17,400 ரூபாயும் ஆட்டோக் கூலி 4,500 ரூபாயும் திருப்பித் தர வேண்டும். போட்ட கலவையை உங்கள் ஆட்கள் வந்து வழித்து அள்ளிப்போக வேண்டும். அந்த இடத்துக்கு முற்றிய மாட்டெரு ஒரு லொறி இறக்கித் தர வேண்டும். அந்தப் பிரதிநிதி என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் 9ஆம் திகதி அதிகார சபைக்கு முறைப்பாடு போகும். பயறு முளைத்த இரண்டு சட்டியின் படங்களையும் திறக்காத அந்தப் பையையும் கொடுப்பேன்.

லொறி வருவதென்றால் முதல் நாள் சொல்லிவிட்டு அனுப்புங்கள், படலையைத் திறந்து வைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்