மூன்றடுக்குத் துலிப் தொட்டிக்குக் கொடுத்த பணத்தைத் திருப்பித் தாருங்கள்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுத் தலைவருக்கு,

வணக்கம். இது என் நான்காவது கடிதம். முதல் மூன்றுக்கும் "உங்கள் புகார் பரிசீலனையில் உள்ளது" என்று ஒரே வரிதான் வந்தது. இதையாவது யாராவது படியுங்கள்.

அக்டோபரில் 289 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து வாங்கிய அந்த மூன்றடுக்குத் தொட்டிதான் விஷயம். அடியில் துலிப் கிழங்கு, நடுவில் டேஃபடில் கிழங்கு, மேலே குரோக்கஸ் கிழங்கு; எல்லாம் குளிர்நாட்டுப் பூக்கள். ஒன்று வாடும்போது அடுத்தது பூக்கும் என்று பெட்டியில் படம் போட்டிருந்தீர்கள். பிப்ரவரியில் என் மகளுக்கு நிச்சயதார்த்தம், அதற்குள் பூக்குமா என்று கேட்டுத்தான் வாங்கினேன். "கண்டிப்பா பூக்கும்" என்றார் உங்கள் ஆள்.

டேஃபடிலில் நாலு இலை வந்தது. வெங்காயத்தாள் மாதிரி நீண்டு, தொட்டி விளிம்பில் சாய்ந்து கிடந்தது. குரோக்கஸ் தலையே காட்டவில்லை. ஜனவரி கடைசியில் கைவிட்டுத் தோண்டினால், துலிப் கிழங்கு அழுகிய வாழைப்பழம் போல அமுங்கியது. தோலுக்குள் பழுப்புத் தண்ணீர். அந்த நாற்றம் இரண்டு நாள் விரலை விட்டுப் போகவில்லை.

உடனே போன் செய்தேன். நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பையன் எடுத்தான். நான் சொல்லி முடிப்பதற்குள், "வெங்காயம் நட்டிருந்தாகூட முளைச்சிருக்குமே, ஆன்ட்டி" என்று சிரித்தான். பக்கத்தில் இன்னொருவரும் சிரித்தது கேட்டது. கோலாலம்பூர் செந்தூலில் இருபது வருடமாகக் கறிவேப்பிலையும் மல்லிகையும் வளர்ப்பவள் நான். எனக்கு இது தேவையா?

அடுத்த நாள் வேறொருவர், "ஃப்ரிட்ஜில் வைக்காமலா நட்டீங்க?" என்று என்னையே குற்றம் சொன்னார். எங்கே எழுதியிருக்கிறது? உங்கள் கையேட்டில் "இலையுதிர்காலத்தில் நட்டு, குளிர்காலம் முழுவதும் வெளியே விடவும்" என்றுதான் இருக்கிறது. கோலாலம்பூரில் எது ஐயா குளிர்காலம்? லண்டனில் இருக்கும் என் அண்ணன் மகள்தான் விளக்கினாள். துலிப்புக்கு 9 டிகிரிக்குக் கீழே 12 முதல் 16 வாரம் குளிர் வேண்டுமாம். இங்கே ராத்திரியில்கூட 23, 24 டிகிரி. விற்கிற உங்களுக்கு இது தெரியாதா? தெரியாமல் இருக்க முடியாது. போனில் பேசிய உங்கள் மூன்றாவது ஆள் கேமரன் மலையில் கொண்டுபோய் வைக்கச் சொன்னார். அங்கேயும் அவ்வளவு குளிர் கிடையாது!

சரி, ஃப்ரிட்ஜிலேயே வைத்திருப்பேன் என்று வையுங்கள். ஆப்பிளோடு வைத்தால் துலிப் மொட்டு உள்ளேயே கெட்டுவிடும் என்று சொன்னீர்களா? டேஃபடில் கிழங்கு பார்க்க வெங்காயம் மாதிரியே இருக்கும், ஆனால் விஷம். என் மாமியார் குழம்புக்கு எடுத்து நறுக்கியிருந்தால்? வெங்காயம் என்று கிண்டல் செய்யத் தெரிந்த அந்தப் பையனுக்கு இது தெரியுமா?

அப்புறம் பூச்சோங்கில் இருக்கும் உங்கள் கடைக்கு வந்த பயணம். நேரில் வந்தால் மாற்றித் தருவோம் என்றீர்கள். எல்டிபி நெடுஞ்சாலை நெரிசலில், கொட்டுகிற மழையில், மடியில் தொட்டியோடு கிராப் வாடகைக் கார் பிடித்து வந்தேன். வாசலில் இருந்த ஜாகா (காவலாளி) "இன்னிக்கு ஸ்டாக் கணக்கு, திங்கட்கிழமை வாங்க" என்றார். பாவம், அவராவது ஒரு நாற்காலி போட்டார். போக வர 76 வெள்ளி. நிச்சயதார்த்தத்தில் சம்பந்தி அம்மா "துலிப் எங்கே?" என்று கேட்டபோது என் மானமே போயிற்று. அதற்கு 2,000 வெள்ளி கேட்டாலும் தகும்.

இருந்தாலும் நியாயமாகவே கேட்கிறேன். 289, கிராப் 76, ஆக 365 வெள்ளியை 14 நாளில் என் கணக்கில் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனுப் போடுவேன். அதற்கு ஐந்து வெள்ளிதான் கட்டணம், வழக்கறிஞரும் தேவையில்லை. உங்களோடு சண்டை போட எனக்கு ஆசையில்லை. அடுத்த பெட்டியிலாவது குளிர் விஷயத்தைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

தொட்டி இன்னும் வாசலில்தான் இருக்கிறது. எடுத்துப் போக ஆள் அனுப்புங்கள். அந்தப் பையன் மட்டும் வர வேண்டாம்.

இப்படிக்கு,
செந்தூல் வாடிக்கையாளர்